பின் சீற் இல்லாத கார்

எங்கள் சொந்தத்தில் தவச்செல்வனுடைய வாகனத்தில் ஏறாத ஆள் ஒருவரும் இல்லை. சூரிச் விமான நிலையத்திலிருந்து என்னை இந்த நாட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்ததும் அவன்தான். அவன் மனுசி சிவகலா என் மூத்தக்காவின் மகள். அவளுக்கு நான் குஞ்சம்மா. அவன் எனக்கு மருமகன் முறை என்றாலும் அவனும் குஞ்சம்மா என்றுதான் கூப்பிடுவான்.

சோலோதுர்னுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், விறெனி என்ற கமக்காரப் பொம்பிளையின் பழைய வீட்டில் அவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். செல்வனுக்கு பல்கனிக் கம்பியும் படிக்கட்டுக் கைபிடியும் செய்கிற பட்டறையில் வேலை. வெல்டிங் அவனுக்குக் கைவந்தது. இல்லை என்று சொல்ல வாய்தான் வராது. யார் எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. வீடு மாறுகிறவனுக்கும் ஓம், கலியாண மண்டபத்துக்குக் கதிரை ஏற்ற வேண்டியவனுக்கும் ஓம், செத்தவீட்டுக்கு ஆட்களைக் கொண்டுபோகவும் ஓம். 2009இல் ஜெனீவாவில் ஐ.நா. வாசலில் சனம் கூடி நின்ற நாட்களில், பட்டறையால் வந்த கையோடு, முகமும் கழுவாமல், தன் வான் வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனான். ஓம் செல்வன் என்று பட்டமே வைத்துவிட்டார்கள்.

அந்த வானின் முன் சீற் கதிர்காமத்தம்பியருக்கு. அவர் செல்வனின் தாய்மாமன். பதினெட்டு வயதில் செல்வனை இங்கே கூப்பிட்டு, தன் அறையில் படுக்க இடம் கொடுத்து, வேலையும் பிடித்துக் கொடுத்த மனுசன். அதை ஒருவரும் மறக்கவில்லை, அவரும் மறக்கவிடவில்லை. ஆள் நல்ல நெட்டை. ஏறினவுடன் சீற்றைக் கடைசி மட்டும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, "ம், எடடா வானை" என்பார்.

அவருக்கு நேர் பின்னால் சிவகலா. ஆள் கட்டை. முழங்கால் இரண்டும் நெஞ்சோடு முட்ட, மடியில் கோயிலுக்குக் கொண்டுபோகிற பொங்கல் பானையோடு இருப்பாள். பின்னுக்கு இருந்தால் அவளுக்கு வயிற்றைப் பிரட்டும். அதற்காகக் கைப்பைக்குள் எப்போதும் ஒரு எலுமிச்சை, எங்கள் பேச்சில் தேசிக்காய், வைத்திருப்பாள். வளைவு வந்தால் எடுத்து மணப்பாள். பக்கத்தில் நான்.

இப்படி ஒரு கோடையில் பீல் ஏரிப் பக்கம் போனோம். வழியில் ஒரு வெளியில் பழைய கார்க்காரர்கள் கூடியிருந்தார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு கார் உறுமிக்கொண்டு வெளியே வந்தது. கூரை நல்ல தாழ்வு, எஞ்சின் வெளியில் தெரிகிறது, பின் சில்லு இரண்டும் குதிரையின் தொடைபோல அகலம். ஓட்டினது ஒரு வெள்ளைக்காரக் கிழவன். பக்கத்தில் தலையில் சிவப்புத் துணி கட்டின ஒரு மனுசி.

"உதென்னடா, எலும்புக்கூடு ஓடுது?" என்றார் கதிர்காமத்தம்பியர்.

"உதுக்கு ஹொட் றொட் எண்டு பேர், மாமா. பழைய காரை வெட்டி, பெரிய எஞ்சின் போட்டு, தங்கடை ஆசைக்கு வீட்டிலை செய்யிறது."

"பின் சீற்றைக் காணேல்லை?"

"இல்லை. ரண்டு பேருக்குத்தான்."

"ரண்டு பேருக்கு ஒரு காரோ! விசர்க் கூட்டம்." வானே சிரித்தது.

சிவகலா மட்டும் சிரிக்கவில்லை. தேசிக்காயை மூக்கில் பிடித்தபடி, "குடுத்து வைச்சவள்" என்றாள்.

"ஆரடி பிள்ளை?"

"அந்தச் சிவப்புத் துணி கட்டினவ. இவ்வளவு காலமும் இவரோடை வாகனத்திலை போறன் குஞ்சம்மா, எனக்கு ஒரு ரோட்டும் தெரியாது. மாமாவின்ரை பிடரி மட்டும் நல்லாத் தெரியும்."

எனக்குத்தான் சொன்னாள், மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் முன்னுக்கிருந்த கண்ணாடியில் செல்வனின் கண் ஒருக்கால் எங்கள் பக்கம் வந்து போனதை நான் கண்டேன்.

அடுத்த வருசம் பனி கரைந்த கையோடு விறெனியின் கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு காரை வெளியே இழுத்தான். ஒஸ்ரின் ஏ-40. எங்கடை ஊர்ப் பக்கம் வாடகைக்கு ஹயரிங் ஓடின அதே சாதி. விறெனியின் தகப்பன் வைத்திருந்ததாம், வைக்கலுக்குக் கீழே எலி குடியிருந்தது. "கொட்டிலைத் துப்புரவாக்கினால் காரை எடு" என்று விறெனி சொல்லியிருக்கிறாள். அதற்கும் ஓம்.

சிவகலாவுக்கு அது பிடிக்கவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, பின்னேரம் போனால் இரவுதான் வருவாள். அவன் விடியப் போகிறவன். மகள் தனுஷியாவும் கலியாணம் முடித்து ரெனானுக்குப் போய்விட்டாள். இரண்டு பேரும் வீட்டில் ஒன்றாக இருக்கிறதே சனி, ஞாயிறு. அந்தச் சனியையும் கொட்டில் எடுத்துக்கொண்டது.

"முந்தி ஊர்ச்சனத்துக்குப் பின்னாலை திரிஞ்சார். இப்ப தகரத்துக்குப் பின்னாலை" என்று என்னிடம் சொன்னாள். கொட்டில் பக்கம் கால் வைக்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள்.

ஒருநாள் நான் அங்கே நிற்கும்போதுதான் அது நடந்தது. செல்வன் அளவு நாடாவோடு குசினிக்குள் வந்து அவளை முக்காலியில் இருக்கச் சொன்னான். குதியிலிருந்து முழங்கால் மடிப்பு, மடிப்பிலிருந்து முதுகு, இருக்கிற உயரத்துக்குக் கண் எவ்வளவு உயரம் என்று ஒவ்வொன்றாகப் பிடித்தான்.

"என்ன, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறியளோ?"

"சும்மா அசையாமல் இரும். உமக்குச் சீற் செய்யப்போறன். முன் சீற்."

அவள் முக்காலியை விட்டு எழும்பிவிட்டாள்.

"நான் நம்பமாட்டன். கார் ஓடுற முதல் நாள் மாமா வந்து ஏறுவார். எழும்புங்கோ எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வருமோ? ஓம் மாமா எண்டுவியள். நான் பானையோடை பஸ்ஸிலை வருவன்."

செல்வன் நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனான். அவள் சொன்னதில் பிழை இல்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்தக் காரில் அவன் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேணும். கூரையை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இறக்கி ஒட்டினான். வெட்டின அன்றைக்குக் கார் பல்லுப் பிடுங்கின வாய் மாதிரி இருந்தது. கறள் பிடித்த அடித்தட்டை எறிந்துவிட்டு, புதுச் சட்டம் ஒட்டினான். உடைந்த வொல்வோவின் எஞ்சின் ஒன்று பிடித்து வந்தான். அது பொனற்றுக்குள் அடங்கவில்லை, அதனால் பக்கத் தகட்டையே கழற்றிவிட்டான். ஞாயிற்றுக்கிழமையில் கிறைண்டர் பிடிக்க ஏலாது, அயலுக்குச் சத்தம். அன்றைக்கு இருந்து அரத்தாள் போட்டு உரஞ்சுவான். பின் சீற் இருந்த இடத்தை மூடி, வால் பக்கம் சாமான் வைக்க ஒரு தட்டு விட்டான்.

அந்தத் தட்டில்தான் மாமாவின் கண் விழுந்தது.

"இவ்வளவு இடம் சும்மா கிடக்கு. இருக்க ஒரு வாங்கு போடடா. உன்ரை குஞ்சம்மா, கோயில் ஐயர், அவரின்ரை மனுசி எல்லாரும் இருக்கலாம். நான் முன்னுக்கு."

செல்வன் அரத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். குசினி யன்னல் திறந்திருந்தது.

"ஓம் மாமா."

யன்னல் அடித்துச் சாத்துப்பட்டது.

வாங்கும் போட்டான். பல்கனிக் கம்பி மிச்சத்தில் கால் ஒட்டி, பலகை வைத்து, நல்ல வடிவாகத்தான் போட்டான். அதைச் செய்து முடிக்கிற வரையும் சிவகலா அவனோடு சாப்பாட்டுக் கதை தவிர ஒரு கதையும் கதைக்கவில்லை. தனுஷியா ரெலிபோனில், "அப்பாவுக்கு என்ன வயசுக் கோளாறோ அம்மா?" என்று கேட்டதுக்கு, "கோளாறு எண்டால் மருந்து இருக்கு. இது பழக்கம்" என்றாளாம்.

இனி எம்எவ்கா. வாகனங்களைச் சோதித்து ஓடலாம் என்று விடுகிற கந்தோர் அது. முதல்தரம் கொண்டுபோனபோது, முன் சில்லுக்கு மட்காட் இல்லை, சத்தமும் கூட என்று திருப்பி அனுப்பினார்கள். செல்வன் மனம் விடவில்லை. சின்னதாக இரண்டு மட்காட் அடித்து, புகைக்குழாயையும் மாற்றிக்கொண்டு 2017 வைகாசியில் திரும்பவும் போனான். அங்கே நடந்ததை அவன் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

சோதிக்கிறவர் காரைச் சுற்றி வந்து, குனிந்து, தட்டி, ஓட்டிப் பார்த்து, எல்லாம் சரி என்றாராம். கடைசியாக வாங்கைக் காட்டி, "இதில் ஆட்கள் இருப்பார்களா?" என்று கேட்டிருக்கிறார். இருக்கிறதென்றால் பெல்ற் வேணும், அதைப் பிடிக்கிற இடத்தையும் பலப்படுத்த வேணும், முடித்துக்கொண்டு இன்னொரு நாள் வரவேணும். இல்லையென்றால் வாங்கைக் கழற்றினால் சரி, இன்றைக்கே முடியும். "எத்தனை பேர் என்று பதிய?"

"குஞ்சம்மா, உண்மையாச் சொல்லுறன்" என்றான் செல்வன். "இல்லையெண்டு சொல்லுறதுக்கு எனக்கு வாழ்க்கையிலை வாய் வந்ததில்லை. ஆனா அந்தாள் கேட்டது வேறை மாதிரி. ரண்டு எண்டு சொன்னாக் காணும். சொல்லிப்போட்டன்."

அங்கேயே நட்டுக் கழற்றுகிற சாவி எடுத்து வாங்கைக் கழற்றி, கொண்டுவந்து விறெனியின் கிணற்றடியில் வைத்தான். இப்போது அவளுடைய பூச்சட்டிகள் அதில் இருக்கின்றன.

கதை காற்றில் போனது. மாமா ரெலிபோன் எடுத்தார். செல்வன் வாங்கைப் பற்றிச் சொன்னான்.

"சட்டம் எண்டா என்ன செய்யிறது. சரி, வாற வெள்ளி கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போடுவம். நான் வாறன். முன்னுக்கு ஒரு இடம் இருக்குத்தானே!"

செல்வன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரெலிபோனை வைத்துவிட்டான். சிவகலா பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெள்ளிக்கிழமை. கார் முற்றத்தில் நின்றது. கரும்பச்சை நிறம், வெயிலில் மினுங்கியது. வேட்டி, சால்வை, சந்தனப் பொட்டோடு கதிர்காமத்தம்பியர் வந்து சேர்ந்தார். சுற்றிப் பார்த்து, "எலும்புக்கூடுதான், ஆனா வடிவான எலும்புக்கூடு" என்றார். சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார்.

நுழைந்தார் என்றால், பாதி. தலை கூரையில் முட்டியது. குனிந்தார். முழங்கால் முன்தட்டில் முட்டியது. ஒரு காலை மடித்தார், மற்றது வெளியில் நின்றது. சால்வை கதவுப் பிடியில் கொழுவிக்கொண்டது.

"டேய், சீற்றைப் பின்னுக்குத் தள்ளு."

"தள்ள ஏலாது, மாமா."

"ஏன், இறுகிப்போச்சோ?"

"இல்லை. தள்ளுற மாதிரிச் செய்யேல்லை. வெல்ட் பண்ணியாச்சு."

"ஆரின்ரை அளவுக்கடா உப்பிடிச் செய்தனி?"

சிவகலா வாசற்படியில், பட்டுச்சேலையோடு, பழக்கதோசத்தில் பொங்கல் பானையைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். செல்வன் அவளைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"அது சிவகலாவின்ரை சீற், மாமா. நீங்கள் இறங்குங்கோ."

மாமாவின் முகம் கறுத்தது.

"அப்ப நான் எப்பிடி வாறது?"

"பஸ் இருக்கு. குஞ்சம்மாவும் அதிலைதான் வாறா" என்றான். நிறுத்தாமல் தொடர்ந்து சொன்னான். "உங்களை ஏத்த வான் எப்பவும் இருக்கு மாமா. இது மட்டும் அவளுக்கு."

மாமா இறங்குவதற்கும் இரண்டு பேர் பிடித்து இழுக்கவேண்டி வந்தது. நான் போய்ச் சிவகலாவின் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டேன். அவள் விடமாட்டாமல் விட்டாள். சேலையைத் தூக்கிப் பிடித்து ஏறி இருந்தாள். குதி இரண்டும் தட்டில் பதிந்தது. முதுகு சாய்ந்தது. கண்ணாடிக்கு நேரே கண் நின்றது.

"ரோட்டு தெரியுதோ?" என்று கேட்டான் செல்வன்.

"முதல்லை எடுங்கோ. முற்றம்தானே தெரியுது" என்றாள்.

நானும் மாமாவும் பஸ்ஸில் போனோம். பானை என் மடியில். பாதி வழியில் மாமா, "எனக்கே சொல்லிப்போட்டான்" என்றார்.

"சொல்லட்டும். அவள் இருபது வருசமா உங்கடை பிடரியைப் பாத்துக்கொண்டு வந்தவள்."

"ஆர்?"

"சிவகலா. அவளுக்கு வேறை என்ன தெரிஞ்சது? நீங்கள் சீற்றைத் தள்ளினா அவளின்ரை முழங்கால் நெஞ்சிலை."

மனுசன் கையைக் கொண்டுபோய்த் தன் பிடரியைத் தடவினார். "ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். அதற்குப் பிறகு இறங்குமட்டும் யன்னலாலே பார்த்துக்கொண்டு வந்தார்.

கோயில் வாசலில் கார் எங்களுக்கு முன்பே நின்றது. ஐயர் சந்தனம் பூசி, தேங்காய் உடைத்து, சில்லுக்குத் தேசிக்காய் வைக்கக் குனிந்தார். மூன்றுதான் இருந்தது.

"நாலு சில்லுக்கு நாலு வேணும்."

சிவகலா கைப்பையைத் திறந்தாள். "இதை வையுங்கோ ஐயா. பிரட்டுறதுக்குக் கொண்டுவந்தது, பரவாயில்லையோ?"

"மணந்தனீங்களோ?"

"இல்லை. இண்டைக்கு எடுக்கவே இல்லை."

கார் ஒரு உறுமலோடு நாலையும் நசித்துக்கொண்டு போனது. ஒருக்கால் ஊரைச் சுற்றிவிட்டு வருவார்கள் என்று பார்த்தோம். பூசை முடிந்தது, பந்தி போட்டது, ஆட்கள் கை கழுவினார்கள். வரவில்லை. பிறகு ரெலிபோன் வந்தது. வைசன்ஸ்ரைன் மலைப் பக்கம் ஏறிவிட்டார்களாம். செல்வன் கதைக்கும்போது பக்கத்தில் சிவகலா சத்தமாகச் சிரிக்கிறதும் கேட்டது.

மடைப்பள்ளியில் மிச்சப் பொங்கலை வழிக்கத் தொடங்கினார்கள். கதிர்காமத்தம்பியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்.

"பொறுங்கோ, பொறுங்கோ" என்றார். "ரண்டு பேருக்கு எடுத்து மூடி வையுங்கோ. பிந்தித்தான் வருவினம்."