அடுத்து விடிந்தது என்ன கிழமை?

ஜெபராணி கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறவள் என்று அல்லிநகரத்தில் ஒரு பேச்சு உண்டு. தூக்கமாவது ஒன்றாவது! அது கனவு. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்து தண்ணீர் தெருவில் ஓடும். இவள் மேற்கே மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பின்னால் நிற்பவர்கள் வைதால் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்குவாள். வைதவர்களுக்குத்தான் வாய் வலிக்கும்.

இவள் மதுரையில் புள்ளியியல் படித்தவள். பானைக்குள் கலர் உருண்டைகளைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது சிவப்பாக இருக்க எவ்வளவு வாய்ப்பு? மூன்று வருஷமும் ஏறக்குறைய இதுதான் படிப்பு. கனவு காண்கிறவளுக்கு இதைவிட நல்ல படிப்பு கிடைக்குமா! ஆனால் ஊருக்குத் திரும்பினால், பானைக்கும் உருண்டைக்கும் தேனியில் யார் வேலை வைத்திருக்கிறார்கள்? எண்பத்தெட்டாம் வருஷம் கடைவீதி மாடியில் சுயம்புலிங்கம் அண்ணாச்சி 'கம்ப்யூட்டர் ஜாதகம்' என்று போர்டு மாட்டி, டைப் தெரிந்த பெண் தேடினார். போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவளுடைய அப்பா ஜெபமணி சர்ச்சில் பாட்டு நடத்துகிறவர். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏம்மா, ஜெபராணின்னு பேரை வச்சுக்கிட்டு ஜாதகமா எழுதப் போற?"

"நான் எங்கப்பா எழுதுறேன்? மிஷின் எழுதுது. நான் தட்டுறேன், அம்புட்டுதான்."

அன்றைய ஜெபத்தில் கம்ப்யூட்டருக்கும் ஒரு வரி சேர்ந்தது.

சோசியர் சொன்னால் எதிர்த்து வழக்காடுகிற சனம், கம்ப்யூட்டர் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு கேட்டது. போடி, கம்பம், சின்னமனூர் என்று பள்ளத்தாக்கு முழுக்கப் பஸ் ஏறி வந்தார்கள். பிறந்த நேரம் கேட்டால் கடிகார நேரமா சொல்வார்கள்? "மில்லுச் சங்கு ஊதுச்சு", "கம்பம் பஸ் போயிருச்சு", "பால்காரர் வந்தாக" என்பார்கள். ஜெபராணிக்கு அதுவே போதும். தட்டிக்கொண்டே அந்தச் சங்கைக் கேட்பாள், அந்தப் பஸ்ஸின் பின்னால் எழும் புழுதியைப் பார்ப்பாள். பிரிண்டர் கிர்ரென்று இழுத்து முடிக்கும்போதுதான் கடைக்குத் திரும்பி வருவாள்.

அப்படி ஒரு மத்தியானம், சாரல் ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தபோது, சோணையம்மாள் வந்தாள். ஜெயமங்கலத்துப் பெண். கூட ஒருவரும் இல்லை. ஈரத் தலையோடு நின்று, கையிலிருந்த ஜாதகத்தை மேஜையில் வைத்தாள்.

"அக்கா, ஒங்க மிஷின் பொய் சொல்லுது."

கெங்குவார்பட்டி மலைச்சாமிக்கு இவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவனுக்குப் பிடித்திருந்தது, இவளுக்கும் பிடித்திருந்தது. பையனைப் பெற்ற சங்கிலியம்மாள்தான், கம்ப்யூட்டர் ஜாதகம் பார்த்துவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு மாற்றுவது என்றாள். பையனுக்குப் பூசம் என்று வந்தது. அம்மாக்காரிக்குத் தரையில் கால் பாவவில்லை. பெண்ணுக்கு ஆயில்யம் என்று வந்தது. ஆயில்யக்காரி வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஊரில் ஒரு பயம் இருக்கிறதே! சங்கிலியம்மாள் அன்றைக்கே ஆள் விட்டுச் சொல்லிவிட்டாள், வேண்டாம் என்று.

"அவுக விட்டுட்டுப் போனது கூடப் பரவாயில்லக்கா. ஆயில்யக்காரின்னு பேராயிருச்சு. இனிமே எவன் பொண்ணு கேட்டு வருவான்? எங்க ஆத்தா எனக்கு மகம்னுதான் சொல்லிச்சு. செவ்வாக்கிழம ராத்திரி, டூரிங் கொட்டாயில ரெண்டாவது ஆட்டம் விட்டு சனம் போற சத்தம் கேட்டுச்சாம். அப்பறந்தான் இடுப்பு வலியே எடுத்துச்சாம். கோழி கூப்பிடுறதுக்குள்ள நான் பொறந்துட்டேன்."

சொல்லிவிட்டு அழுதாள். ஜெபராணி ஒரு துண்டை நீட்டினாள். அதற்காகக் கனவு நிற்கிறதா? படம் விட்டுப் போகிற கூட்டத்தோடு அவளும் நடந்தாள். வரப்பு, பீடி நெருப்பு, பார்த்த படத்தின் பாட்டை யாரோ தப்பாகப் பாடுகிற குரல். இவர்களை நிறுத்தி 'இன்றைக்கு என்ன கிழமை?' என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? செவ்வாய் என்பார்கள். விடிந்தால்தானே புதன்.

சட்டென்று ஜாதகத்தை இழுத்துப் பார்த்தாள். டிசம்பர் முப்பத்தொன்று நினைவுக்கு வந்தது. நடுராத்திரி மணி அடித்ததும் சர்ச்சில் எல்லாரும் கை குலுக்கி, கும்மிருட்டில் புது வருஷத்தைக் கொண்டாடிக்கொண்டு வெளியே வருவார்களே! அவளுக்குப் பொழுது இருட்டிலேயே மாறிவிடும். சோணையம்மாள் வீட்டுக்கு விடிந்தால்தான் மாறும். இதில் மிஷினும் சர்ச்சும் ஒரு கட்சி! அவர்கள் செவ்வாய் ராத்திரி, ரெண்டாவது ஆட்டம் விட்ட பிறகு என்றார்கள். ஜெபராணி அதைக் கேட்டுச் செவ்வாய்க்கிழமைத் தேதியைப் போட்டு ரெண்டு மணி என்று தட்டினாள். மிஷின் அதைத் திங்கள் ராத்திரியின் பின்பாதி என்று எடுத்துக்கொண்டது. முழுசாக ஒரு நாள் முந்திவிட்டது. நிலா நாளுக்கு ஒரு நட்சத்திரம் கடக்கிறது. நாள் ஒன்று தப்பினால் நட்சத்திரம் ஒன்று தப்பும்.

தேதியை மாற்றித் தட்டினாள். மகம் என்று வந்தது.

"சனிக்கிழம சந்தைக்கு வருவாகள்ல உங்க மலைச்சாமியோட அம்மா? எப்படியாச்சும் இங்கன கூட்டிட்டு வா," என்று சொல்லி அனுப்பினாள்.

அப்புறம்தான் பயம் பிடித்தது. இவள் ஒருத்திதானா? இதற்குமுன் இந்தப் படியேறி வந்தவர்களில் எத்தனை பேர் வேறு யாருடைய நட்சத்திரத்தையோ வாங்கிக்கொண்டு இறங்கினார்கள்?

மறுநாள் ஒரு பவுடர் டப்பாவையே தன் படிப்புப் பானையாக்கிவிட்டாள். பகலில் பிறந்தவர்களுக்கு மொச்சை, முன்னிரவில் பிறந்தவர்களுக்குப் புளியங்கொட்டை, நடுச்சாமம் தாண்டி விடிவதற்குள் பிறந்தவர்களுக்குக் குன்றிமணி. வருகிறவர்கள் சொல்லிக் கேட்ட நினைவில் எது எவ்வளவு என்று போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி ஒன்றை எடுப்பாள். குன்றிமணி வந்தால் அவள் ஒரு கம்பத்துக்காரி. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "வியாழக்கிழம ராத்திரி தாயி, ஊரே அடங்கிருச்சு" என்று தனக்குத் தானே சொல்லி, அதையே அப்படியே தட்டுவாள். மொச்சை வந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டோடு வந்த வாத்தியார். ஒவ்வொருவராக ஆகி ஆகி, மிஷினுக்குள் புகுந்து வெளியே வந்தாள். பார்த்த அண்ணாச்சி பிள்ளைக்கு ஏதோ காத்து சேட்டை என்றே நினைத்துவிட்டார். எத்தனை தடவை குலுக்கினாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றது: ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவர் தப்பு நட்சத்திரத்தோடு போகிறார்.

புரோகிராம் எழுதிய வைகுண்டராஜ் மதுரைக்காரர். மிஷினைப் பார்க்க அவ்வப்போது வருவார். வந்ததும் அவரிடம் சொன்னாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒரு கணக்கும் தப்பில்லம்மா. பஞ்சாங்கத்தை வச்சு எத்தனையோ ஜாதகம் போட்டுப் பாத்துட்டுத்தான் குடுத்தேன். நூத்துக்கு நூறு."

"நீங்க தேதியைச் சரியாக் குடுத்துப் பாத்தீக சார். வர்ற சனம் குடுக்கிற மாதிரி குடுத்துப் பாருங்க."

டப்பாவை நீட்டினாள். மனிதர் நல்லவர், கோபத்தோடேயே கையை விட்டார். ஒன்று எடுத்தார், இன்னொன்று எடுத்தார். டீ ஆறிப்போனது. ஒரு குன்றிமணியை விரலில் உருட்டிக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார். அவருக்கும் கனவு தொற்றிவிட்டது போலும்.

"எனக்கு நூறு. இவுகளுக்கு எண்பதுதானா?" என்றார். "சரி, மாத்திருவோம். ஆனா மிஷின் என்னன்னு கேக்கணும்? பன்னிரண்டு மணிக்கு மேலயான்னு கேட்டா, வாட்ச் இல்லாத வீட்டுல என்ன சொல்வாக?"

அது ஜெபராணிக்கும் தெரியவில்லை.

சுயம்புலிங்கம் அண்ணாச்சிக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை. "ஏ பிள்ள, நல்லா இருப்ப! ரெண்டு பேரும் சத்தமில்லாம மாத்திக்கோங்க. கம்ப்யூட்டர் தப்பு பண்ணுச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சு, போர்டைக் கழட்டி வெந்நீர் போட வேண்டியதுதான். உனக்கும் வேலை கிடையாது, எனக்கும் கடை கிடையாது."

"அந்தப் பொண்ணுக்கு அண்ணாச்சி?"

அவர் மேஜையைத் துடைத்தார்.

சனிக்கிழமை சங்கிலியம்மாள் வந்தாள். சந்தைக் கூடையோடு படியேறி வந்து மூச்சு வாங்கினாள். பின்னால், சுவரோடு சுவராக, சோணையம்மாள். அண்ணாச்சி கண்ணாலேயே கெஞ்சினார். ஜெபராணி அவரைப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தப்பு என்ற சொல்லையும் சொன்னாள். புது ஜாதகத்தை நீட்டினாள்.

சங்கிலியம்மாள் அதை வாங்கவில்லை. "ஏத்தா, அஞ்சுல ஒண்ணு தப்புன்னு நீயே சொல்ற. இப்ப நீ குடுக்கிறது மட்டும் அந்த ஒண்ணு இல்லேன்னு நான் எப்படி நம்புறது?"

ஜெபராணி நீட்டிய ஜாதகத்தை மேஜையில் வைத்தாள். படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. பானைக்காரிக்கு ஆயிரம் உருண்டை. சங்கிலியம்மாளுக்கு ஒரே மகன்.

கையும் ஓடாமல் காலும் ஓடாமல், வாய்க்கு வந்ததைக் கேட்டாள். "உங்க மகன் எப்பப் பொறந்தாக, பெரியம்மா?"

"வெள்ளிக்கிழம ராத்திரி. விடிவெள்ளி முளைச்சிருச்சு."

"அடுத்து விடிஞ்சது என்ன கிழம?"

"இதென்ன கேள்வி? சனிதான். தேனிச் சந்தை. அவுக அப்பா மாடு பிடிக்கப் போயிட்டாக, சந்தையில வச்சுத்தான் ஆம்பளப் பிள்ளைன்னு சேதி சொன்..."

பேச்சு பாதியில் நின்றது. சங்கிலியம்மாள் ஒன்றும் விவரமில்லாதவள் அல்ல. மஞ்சள் பையிலிருந்து மகனின் ஜாதகத்தை எடுத்து, அது ஏதோ கடிக்கும் என்பதுபோல் தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். வெள்ளிக்கிழமை என்றுதான் இருந்தது.

"அப்ப இம்புட்டு நாளா நான் எவன் சாதகத்துக்குப் பொண்ணு தேடிக்கிட்டு அலைஞ்சேன்?"

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பவே சரியாப் போட்டுத் தர்றேன்," என்று ஜெபராணி விசைப்பலகையில் கை வைத்தாள்.

"கையை எடு தாயி!"

பூசத்துக்கு அடுத்தது எது என்று சங்கிலியம்மாளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயில்யம். மாமியாருக்கு ஆகாத அதே ஆயில்யம். ஆம்பளைக்கு அதெல்லாம் கணக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், சுவரோரம் நின்ற பெண்ணின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டாள்.

சோணையம்மாள்தான் முன்னால் வந்து, கீழே இருந்த கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீக அத்தே," என்றாள். "எங்க ஆத்தா அதெல்லாம் பாக்காது."