தலையணை உறையோடு ஒரு பயிற்சி நடை

ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவரை எல்லாரும் இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. குழந்தைகள் வார்டில் மகள் கண்ணை மூடிய அன்றுகூட மடிப்புக் கலையாமல்தான் நின்றார். "கல்லுய்யா இந்த ஆளு" என்று மைத்துனன் காதுபடவே சொன்னான். மறுநாள் மகள் படுத்திருந்த கட்டிலின் துணி மூட்டை சலவைக்கு வந்தபோது, இஸ்திரி தலையணை உறையை மட்டும் உருவி வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார்.

ஊர்ப்பட்ட அழுக்கை வெளுத்த கை, இரண்டு வருஷமாக அந்த ஒன்றை நனைக்கவில்லை. தலைக்குத் தேய்த்த எண்ணெயும் மருந்தும் கலந்த வாசனை அதில் இருந்தது. சாயங்காலம் அலமாரியைத் திறந்து ஒரே ஒரு மூச்சு இழுப்பார், மூடிவிடுவார். மனைவிக்குத் திறக்கத் தைரியம் கிடையாது. சமையலறையிலிருந்து கேட்பாள்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு."

இரண்டு பேருக்கும் நடுவில் மிஞ்சியிருந்த பேச்சு அவ்வளவுதான்.

வார்டுக்குச் சுவாசக் கருவி வாங்க, ஊழியர்கள் கோடையில் மலையேறி நன்கொடை திரட்டுவதாக அறிவிப்பு வந்ததும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அந்த மலை வார்டு ஜன்னலில் தெரியும். "மேல ஏறினா நம்ம வீடு தெரியுமாப்பா?" என்று மகள் கேட்டிருக்கிறாள். உறையை அந்த உச்சிவரை கொண்டுபோக வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

குளிர்காலத்திலேயே பயிற்சி நடை வைத்தார்கள். நடைக்குத் தலைமை தாங்கிய ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னான்: "அன்னைக்கு என்னென்ன கொண்டுபோவீங்களோ, இன்னைக்கே அத்தனையும் கூட வரணும். அப்புறம்ணே, உள்ள பருத்தி வேண்டாம்."

"துணியப் பத்தி எனக்கே பாடமா? நீ வண்டிய ஓட்டுப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே மூன்று பருத்தி பனியன், மேலே கோட்டு. டிரைவர் சொன்னபடியே உறையையும் எடுத்து வந்திருந்தார். பிளாஸ்டிக் பையில் திணிக்க மனம் வராமல், பனியனுக்கடியில் நெஞ்சோடு வைத்திருந்தார்.

ஏற்றத்தில் வேர்த்துக் கொட்டியது. பின்தங்கினால் குழுவிலிருந்து கழற்றிவிடுவார்களோ என்று கோட்டைத் தளர்த்தக்கூட நிற்கவில்லை. நனைந்த பருத்தி என்ன கனம் கனக்கும், எவ்வளவு நேரம் ஈரம் பிடித்திருக்கும் என்று அவருக்கா தெரியாது? அன்றைக்கென்று அது நினைவுக்கு வரவில்லை. முகட்டில் உட்கார்ந்ததும் காற்று அடித்தது. பத்தே நிமிஷத்தில் பல் கிட்டிக்கொண்டது. உதடு நீலம் பாரித்தது.

டிரைவர் பாய்ந்து வந்து கோட்டைப் பிரித்து, ஈரப் பனியன்களைக் கிழிக்காத குறையாக உருவினான். கையோடு உறையும் வந்தது. "நல்லவேளை, துண்டு வச்சிருக்காரு." அதை முறுக்கிப் பிழிந்தான். தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பனியில் விழுந்தது. பிறகு அதாலேயே அவர் முதுகை, மார்பை, கக்கத்தைப் பரபரவென்று துடைத்தான். மறுபடியும் பிழிந்தான்.

இஸ்திரி வாயைக் கோணிக்கொண்டு "அ... அ..." என்றார்.

"பேசாதீங்கண்ணே. ஒண்ணுமில்ல, பொழச்சிட்டீங்க."

தன் கம்பளிச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டு, கைத்தாங்கலாகக் கீழே இறக்கினான். வண்டியில் ஏற்றும்போது தயங்கித் தயங்கிச் சொன்னான்: "கோபிச்சுக்காதீங்க. மலைக்கு நீங்க வேண்டாம்ணே." அவர் தலையாட்டினார். அது அவர் காதில் சரியாக விழக்கூட இல்லை.

வீட்டில் உறையை முகத்தோடு வைத்துப் பார்த்தார். வேர்வை நாற்றம். தன்னுடையதேதான். திருப்பிப் போட்டு, தையலோரத்தில், மூலையில் எல்லாம் மோந்தார். வேறு ஒன்றுமே இல்லை. பழக்க தோஷத்தில் நான்காக மடித்து அலமாரியில் வைத்தார்.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றார்.

பாத்திரச் சத்தம் நின்றது. மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த அறை வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க மலை ஏறப் போயிட்டு வந்திருக்கீங்க. நான் இதக்கூடச் செய்யலேன்னா எப்படி? ஒரே ஒரு தடவை... தள்ளுங்க."

இஸ்திரி அலமாரிக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, நகராமல் நின்றார்.