கட்டைவிரல் தாண்டிய பாத்திகள்

ஓடைக்கரையில் அப்பா நின்றார். உப்பள முதலாளி நின்றார். வேன் டிரைவர் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அம்மா உப்பு வாரும் பலகையோடு கொஞ்சம் தள்ளி. நான் சூடு தாங்காமல் கால் மாற்றி மாற்றி.

அக்கரை போர்வெல்லிலிருந்து எங்கள் பாத்திக்கு உப்புத்தண்ணீர் கொண்டுவர பைப் வாங்க வேண்டும். ஓடை அகலம் தெரியவில்லை. இறங்கினால் சேறு இடுப்புவரை இழுக்கும். முதலாளி போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சிக்னல் இல்லை.

"ஏம்பா, எவ்ளோ இருக்கும்?"

"இருநூத்தம்பது அடிங்க," என்றார் அப்பா.

"பைப் கொறஞ்சா சீசனே போச்சு. அப்புறம் நீ வேற களம் பாத்துக்க."

அப்பா வேர்வையைத் துடைத்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் அம்மாவின் புடவையை இழுத்தேன்.

"சும்மா நில்லுடி."

அம்மா கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினாள். ஒரு கண்ணை மூடினாள். அதைத் திறந்து மறு கண்ணை மூடினாள். விரல் அக்கரையில் ஒரு வரப்பிலிருந்து தாவி, இரண்டு பாத்தி தாண்டி நின்றதாம். இரு கரையிலும் பாத்தி அகலம் பதினைந்தடி. அதில் தினமும் உப்பு வாருகிறவள் அவள். விரல் தாவுவதைப் போலப் பத்து மடங்கு தூரம் என்று கோடையில் வரப்பு மேல் நடந்து பார்த்து வைத்திருந்தாள். அப்பா காதில் ஏதோ சொன்னாள்.

"இல்லீங்க, முந்நூறு," என்றார் அப்பா.

பைப் வந்தது. சரியாக இருந்தது. "ஆளு கண்ணாலயே அளந்துட்டான்பா," என்று முதலாளி பார்க்கிறவரிடமெல்லாம் சொன்னார். அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அம்மா பாத்தியில் இருந்தாள்.

அந்த வாரம் ஆரோவில் பக்கத்திலிருந்து ஒரு அக்கா பள்ளிக்கூடத்துக்குப் படங்களோடு வந்தார். கண்ணை மாற்றி மாற்றி மூடச் சொன்னார். பூமி இடம் மாறும்போது கிட்ட இருக்கிற நட்சத்திரம் இப்படித்தான் தாவுகிறது, அதை வைத்துத் தூரம் சொல்லலாம் என்றார்.

"ரொம்ப தூரத்து நட்சத்திரத்துக்கு இது பத்தாது. அதுக்கு வழி கண்டுபிடிச்சது ஒரு பொம்பள. கூலிக்கு ஒக்காந்து போட்டோவா பாத்து கணக்கு போட்டாங்க. அத வெளியிட்ட பேப்பர்ல கையெழுத்து போட்டது மேலதிகாரி."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன்.

"எங்கப்பா இந்த மாதிரி அளப்பாருக்கா."

எத்தனை அடி என்று அக்கா கேட்டதற்கு அதையும் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து, ஓடை அளந்த கதையை வகுப்பில் சொன்னதாக அம்மாவிடம் சொன்னேன். மீன் அலசிக்கொண்டிருந்தாள். கை கொஞ்சம் நின்றது. யார் பெயரைச் சொன்னாய் என்று திரும்பக் கேட்கவில்லை.

"எவ்ளோன்னு சொன்ன?"

அதை ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. சொன்னேன்.

முந்நூறு அடி.