ஸுஹைறா டீச்சர் டொக்டரிடம் பொருத்தம் கேட்கப் போனது

சாய்ந்தமருதில் ஸுஹைறா டீச்சரின் குரல் தெரியாதவர் கிடையாது. ஒன்றாம் வகுப்பில் அவர் அதட்டினால் அடுத்த கட்டடத்தில் ஐந்தாம் வகுப்பும் வாயை மூடிக்கொள்ளும். கழுத்துக் கழலையை வெட்டி எடுத்த பிறகு அந்தக் குரல் போய்விட்டது. குரலுக்குப் போகும் நரம்பு அறுந்துவிட்டதாம். மிஞ்சியது கரகரப்பு மட்டும். பள்ளிக்கூட அதிபர் இரக்கப்பட்டு அவரை நூலகத்துக்கு மாற்றினார். டீச்சருக்கு அது தண்டனையாகவே பட்டது.

இரண்டு வருடமாக, வெட்டிய டொக்டர் நல்லரெத்தினத்தை அவர் ஏசாத நாளில்லை. "கை பழகாத மனிசன், கண்டபடி வெட்டிப்போட்டான்" என்பார். தம்பி நஸீம் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து வழக்குக்கு எல்லாம் ஆயத்தம் செய்திருந்தான். வழக்குப் போடும் தவணை முடிய ஒரு மாதம்தான் இருந்தது.

அதற்குள் மக்காவுக்கு உம்றாப் பயணம் கூடிவந்தது. பயணம் போகிறவர்கள் வீடு வீடாகப் போய், செய்த பிழைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளும்படி பொருத்தம் கேட்பது ஊர் வழக்கம். டீச்சரும் கணவர் சரீபும் மருதமுனை வரை போய்க் கேட்டு வந்தார்கள். டொக்டரின் பெயரை டீச்சர் எடுத்ததும் சரீபின் முகம் செத்துப்போனது.

"அந்தாள்ட்ட ஏன் புள்ள? வழக்கும் போட்டு பொருத்தமும் கேக்கிறதா?"

"வழக்கு வேற. அவர்ர தாய் தகப்பனையும் சேத்து ஏசியிரிக்கன். அதச் சொமந்துக்கிட்டு மக்காவுக்குப் போகேலா."

கல்முனையில் டொக்டர் மாலையில் நோயாளர் பார்க்கும் இடத்துக்கு இருவரும் போனார்கள். டீச்சர் சொன்னதையெல்லாம் டொக்டர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கோப்பைத் திறந்தார்.

"அது வெறும் கழலை இல்ல டீச்சர், கென்சர். நரம்பச் சுத்திப் பிடிச்சிருந்தது. நரம்ப விட்டிருந்தா கென்சரும் உள்ள நிண்டிருக்கும். குரல் போகலாம் எண்டு முதலே சொன்னனான்."

"ஆருக்கு?"

டொக்டர் சரீபைப் பார்த்தார். சரீப் நிலத்தைப் பார்த்தார்.

"பக்குவமா உங்களுக்குச் சொல்லுறன் எண்டார், நம்பிட்டன். வெட்டினதில பிழை இல்ல. உங்களோட நேர கதைக்காததுதான் என்ட பிழை. நீங்கதான் என்னை மன்னிக்கணும்."

போன குரலை நினைத்து நினைத்தே டீச்சர் இரண்டு வருடத்தைக் கழித்திருந்தார். மகளின் கல்யாணத்தைப் பார்த்ததும், பேரனைக் கையில் வாங்கியதும் அந்த இரண்டு வருடத்தில்தான். அதையெல்லாம் தந்தவரையல்லவா திட்டித் தீர்த்திருக்கிறோம் என்று நினைக்க, நன்றி பெருகியது. "அல்லாஹ் ஒங்களுக்கு நல்ல சுகத்தத் தரணும்" என்றார்.

வெளியே சரீப் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கென்சரெண்டா பயத்திலயே மௌத்தாகிருவாய் எண்டு நெனச்சன் புள்ள. என்னப் பொருந்திக்கொள்."

"பொருந்திட்டன். வழக்கு வேணாமெண்டு நஸீமுக்குச் சொல்லுங்க." டீச்சர் பின்னால் ஏறி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஆனா இனி என்ட உடம்பப் பத்தி ஆரெண்டாலும் என்னோடதான் முதல்ல கதைக்கணும். எனக்குச் சத்தம்தான் போச்சு, காது நல்லாத்தான் கேக்கிது."