பூங்கா வாசலில் இரண்டு விரல் மேடு

நான் கொத்தனார். அஞ்சாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுதிப் பழக்கமில்லை. இதை மட்டும் எழுதி வைக்கத் தோன்றியது.

கோவில்பட்டியில் ஊருக்கு நடுவே ஒரு பூங்கா போட்டார்கள். முன்பு லாரிகள் நின்ற இடம். சுற்றி நடைபாதை, நடுவில் வேப்பமரங்கள், பிள்ளைகளுக்கு ஊஞ்சல், கூட்டம் போட ஒரு மேடை. வீல்சேர் ஏறுவதற்கு வாசலில் ஒரு சரிவு. அந்தச் சரிவும் நடைபாதையும் என் கை வேலை.

என் வீட்டுக்காரிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. தீப்பெட்டி செய்கிற ஆபீசுக்கு வேலைக்குப் போகிற வழியில் வண்டியிலிருந்து விழுந்தாள். முதுகெலும்பு போய்விட்டது. ஆறு வருசமாக வீல்சேர். வலியைப் பற்றிப் பேச மாட்டாள். தூக்குவதைத்தான் அவளால் தாங்க முடியாது. கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி, எங்கே போனாலும் நாலு பேர் ஓடிவந்து நாற்காலியோடு தூக்குவார்கள். நல்ல மனசோடுதான் தூக்குவார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். கடைசியில் வெளியே போவதையே நிறுத்திவிட்டாள்.

சரிவு போட்டு முடித்த அன்றைக்குச் சொன்னேன்.

“யாரும் தூக்க வேண்டாம். நீயே உள்ள போயிரலாம்.”

“பாப்போம்” என்றாள்.

பூங்கா திறந்ததும் தினமும் சாயங்காலம் போனாள். தனியாக. மூன்று தெரு தாண்டி. திரும்பி வந்ததும் கதை சொல்லுவாள். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள் பெஞ்சு காலியாக இருந்தாலும் தரையில்தான் கால் நீட்டி உட்காருவார்களாம். கண் தெரியாத ஒருத்தர் நடைபாதை ஓரத்தைக் கம்பால் தட்டிக்கொண்டே எல்லோரையும் முந்திப் போய்விடுவாராம். அவள் இத்தனை பேசி நான் கேட்டு ஆறு வருசம் ஆகியிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். இங்கே கொத்தனார் வேலையில் முதல் பாடம் அது. கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டுச் சரள் கல் கொட்டித்தான் தளம் போட வேண்டும். நடைபாதை முழுக்க அப்படித்தான் செய்தேன். வாசலில் மட்டும் செய்யவில்லை. மேலே சரள் கிடந்தது. அடியிலும் சரள்தான் என்று நினைத்தேன். லாரி புதையாமல் இருக்க யாரோ எப்போதோ கொட்டின சரள் அது. ஒரு சாண் கனம்கூட இல்லை. அதற்கடியில் சுத்தக் கரிசல். கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தியிருந்தால் தெரிந்திருக்கும். குத்தவில்லை.

மழையில், சரிவு முடிகிற இடத்தில் வாசல் தளம் இரண்டு விரல் மேலே எழும்பிவிட்டது. நடக்கிறவனுக்கு அது ஒன்றுமில்லை. வீல்சேரின் முன்சக்கரத்துக்கு அது சுவர்.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். சக்கரம் முட்டி நின்றது. பின்னால் வந்தவர்கள் உடனே கூடிவிட்டார்கள்.

“ஏலே, அந்தப் பக்கம் பிடி. அக்காவத் தூக்கிருவோம்.”

தூக்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே இறக்கி வைத்ததும், “திருப்புங்க, வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

வீட்டுக்கு வந்து கேட்டாள்.

“மழ பெஞ்சா மண்ணு வீங்கும்னு எனக்கே தெரியும். கொத்தனாருக்குத் தெரியாதா?”

மறுநாள் அவள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

மழை விட்டதும் பூங்கா வாட்ச்மேனிடம் போனேன். தளத்தை உடைத்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

“தூக்கிவிடத்தான் இத்தன பேரு இருக்காவளே அண்ணாச்சி. நல்லாயிருக்கிற தளத்த எதுக்கு ஒடைக்கணும்?”

வாசலில் வண்டி போட்டிருக்கும் பழக்கடை பாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவியளத் தூக்கும்போது மொகத்தப் பாத்தீரா? நான் பாத்தேன். ஒடைக்கட்டும்வே” என்றார்.

காலையில் நடக்க வருகிறவர்கள் சேர்ந்து நகராட்சி ஆபீசில் போய்ப் பேசி அனுமதி வாங்கி வந்தார்கள்.

சம்மட்டியால் உடைத்தேன். இடுப்பளவு தோண்டினேன். கரிசல் ஈரமாக, மெழுகு மாதிரி வந்தது. சரள் கொட்டி, இடித்து, மறுபடி கொட்டி இடித்தேன். பிறகு காங்கிரீட். மட்டப்பலகையை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன்.

காங்கிரீட் இறுக வேண்டுமென்றால் ஈரச் சாக்குப் போட்டு நாள் தவறாமல் நனைக்க வேண்டும். பூங்காத் தொட்டியில் தண்ணீர் இல்லை. இந்த ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளை யாரும் சொல்ல முடியாது. வீட்டிலிருந்து இரண்டு குடம் சைக்கிளில் கொண்டுபோய் ஊற்றினேன். பகல் முழுக்க எனக்கு வேறு இடத்தில் வேலை. மத்தியானத்தில் காய்ந்துவிடும் என்று பயந்தேன்.

சாயங்காலம் வந்து பார்த்தால் சாக்கு சொட்டச் சொட்ட இருந்தது.

பாய் பழத்தில் தெளிக்கிற தண்ணீரை ஊற்றியிருக்கிறார். காலையில் நடந்தவர்கள் பாட்டிலில் மிச்சம் வைத்து ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அப்போது தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் வந்தார்கள். சோற்றுக் கூடையிலிருந்து பாட்டிலை எடுத்து, குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரைச் சாக்கின் மேல் கவிழ்த்தார்கள்.

“என்ன கொத்தனாரே, இந்தத் தடவையாவது அடியில பாத்துப் போட்டீரா?” என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வாங்கிக் குடிக்கிற தண்ணீர் அது. எத்தனையோ கட்டடம் கட்டியிருக்கிறேன். என் தளத்துக்கு ஊரே தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை. இரண்டு வாரம், ஒருநாளும் சாக்கு காயவில்லை.

வீட்டில் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

“நாளைக்குப் போவோம்” என்றாள்.

போனோம். வாசலில் நான் நின்றுகொண்டேன். பழக்கதோசத்தில் ஒருத்தர் நாற்காலியைப் பிடிக்க வந்தார்.

“யோவ், கைய எடும்” என்றது பெண்கள் கூட்டம்.

அவள் இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளினாள். சரிவில் ஏறினாள். முன்சக்கரம் புதுத் தளத்தில் ஏறி, நடைபாதையில் இறங்கியது. முட்டுகிற சத்தமே இல்லை. கண் திறந்துதான் இருந்தது.

ஒரு சுற்று வந்தாள். இரண்டாவது சுற்றில் என்னைத் தாண்டும்போது நின்றாள்.

“நீங்க எதுக்கு நிக்குதீங்க? வீட்டுக்குப் போங்க. நான் வாரேன்.”

போய் உலை வைத்தேன்.