தகரத்தின்மேல் நின்ற சக்கரம்

மார்ச் பதினேழு, திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து தூறல் விட்டபாடில்லை. பல் மருத்துவரின் பழைய கார், இழுவை வண்டியில் தொங்கியபடி நூல்காரரின் பட்டறை வாசலில் வந்து இறங்கியது. இடப்பக்க முன்சக்கரத்தின் மேற்புறம் உள்ளே சாய்ந்திருந்தது. நூல்காரர் குனிந்து பார்த்தார். அந்தச் சக்கரங்களை நேராக்கி அனுப்பியவர் அவரே.

கணினி வைத்த கடைகள் பெருகிவிட்ட பின்னும், பழைய கார்களின் இருபுறமும் நூல் கட்டி அளந்தே அவர் அலைன்மென்ட் பார்த்துவந்தார். அதனால் வந்த பெயர் அது. அளக்குமுன் வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, ஸ்பிரிங்குகளை அமுக்கி விடுவார். யாரேனும் அவசரப்படுத்தினால், "வண்டி இன்னும் சரியா உட்காரலை, நீங்களாவது உட்காருங்க" என்பார்.

சக்கரம் இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக நிற்பது கிங்பின். அதை மாற்றுவது அவருடைய மைத்துனன் வேலை. கழற்றிய பழைய உறுப்பை மேசைமேல் வைத்துக் காட்டிய பிறகே நூல்காரர் நூலை எடுப்பது என்பது, தொழில் தொடங்கிய நாள்முதல் இருவருக்குள்ளும் இருந்த வழக்கம். மருத்துவர் ஊரெல்லாம் அலைந்து வாங்கிவந்த புதிய கிங்பின்களை மாற்ற வேண்டியிருந்த அன்று மட்டும் மேசை வெறுமையாக இருந்தது.

"பழசு எங்கேடா?"

"காயலான் கடைக்காரன் வந்தான் மாமா, தூக்கிப் போட்டுட்டேன். ஏன், என்மேலயே சந்தேகமா? சத்தியம் பண்ணட்டுமா?"

நூல்காரர் சிரித்துவிட்டார். சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. நூலைக் கட்டினார். அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மைத்துனன்தான்.

இப்போது ஜாக்கியில் ஏற்றித் தட்டியதும் பழைய கிங்பின்னே கீழே விழுந்தது. தேய்மானத்தை மறைக்க அதைச் சுற்றிச் செருகியிருந்த தகரப்பட்டை கசங்கிக் கிழிந்திருந்தது.

"பாலத்து வளைவுல ஸ்டீயரிங் என் பேச்சைக் கேக்கல. பக்கத்துல என் பொண்ணு. மண்மேட்டுல ஏறி நின்னதால பொழைச்சோம்" என்றார் மருத்துவர். "நான் வாங்கிக் குடுத்தது எங்கே?"

நூல்காரர் திரும்பிப் பார்த்தார். மைத்துனன் கைத்துணியை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"என் வண்டியில இருக்கு மாமா."

அதே ரகத்தில் ஒரு பழைய காரை வாங்கி, வீட்டின் பின்புறக் கொட்டகையில் யாருக்கும் தெரியாமல் அவன் செப்பனிட்டு வந்திருக்கிறான்.

"வேற கிடைச்சதும் மாத்திடலாம்னு இருந்தேன். அதுவரைக்கும் தாங்கும்னு..."

"எது தாங்கும்? தகரமா, என் பேரா?"

நூல்காரர் மருத்துவரிடம், "வெளியே அனுப்பினது நான். திட்டுறதை என்னைத் திட்டுங்க" என்றார். பிறகு கொட்டகைக்குப் போய், மைத்துனனின் காரிலிருந்து கிங்பின்களைத் தம் கையாலேயே கழற்றிவந்து, உரிய வண்டியில் பொருத்தினார். அன்று நூலின் மறுமுனையை ஓர் ஆணியில் கட்டினார்.

மாலையில் வீடு திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவனோட சாமானெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொன்னீங்களாமே. நம்ம கையில வளர்ந்த பிள்ளைங்க அவன். ஏதோ ஆசையில புத்தி கெட்டுப் பண்ணிட்டான். நாளைக்கு வரச் சொல்லட்டுமா?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"வேண்டாம்."