ஸ்மிதாவின் கேட்

“அங்கயே நில்லுங்க அண்ணா. தும்முனியளா?”

வாங்கிவந்த அரிசிப் பையைக் கேட்டில் மாட்டிவிட்டு நான் நாலு எட்டு பின்னால் போனால்தான் ஸ்மிதா வெளியே வருவாள். நான் எதிர்வீட்டுக்காரன், பாறசாலையில் ஆட்டோ ஓட்டுகிறவன். நாலு வருஷத்தில் ஒரு சாயா குடிக்க உள்ளே கூப்பிட்டதில்லை. அந்த மனத்தாங்கல் எனக்கு உண்டு. மறைக்க மாட்டேன்.

அவள் மகள் சுமிக்கு ஆறு வயது. மூச்சு இழுக்கிற தசைகளுக்கு வலு கிடையாது. நாலு வருஷமாகத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து மெஷினோடு மாட்டியிருக்கிறார்கள். சளி கட்டினால் இன்னொரு மெஷினால் உறிஞ்சி எடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகளுக்கு நாலு நாள் மூக்கொழுகிப் போகிற ஜலதோஷம், போன வருஷம் இவளை ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் போட்டது.

அதிலிருந்து ஊர் இருமல் முழுக்க ஸ்மிதாவுக்கு மனப்பாடம். காலையில் அங்கன்வாடி டீச்சருக்குப் போன் போட்டு எத்தனை பிள்ளைக்கு மூக்கொழுகுகிறது என்று கேட்பாள். ரோட்டில் யாராவது இருமினால் அடுக்களையிலிருந்தே ஆளைச் சொல்வாள். “அது அஜீஷாக்கும். நேத்து வறட்டு இருமலு, இண்ணைக்கு சளி இளகியிருக்கு.” கணவன் பிரதீஷ் டைல்ஸ் வேலை முடிந்து வந்தால் கிணற்றடியில் குளித்து, துணி மாற்றித்தான் உள்ளே ஏறலாம். “கட்டுனவனையே மூணு நாளு ஷெட்டுல படுக்க வச்சவளாக்கும் நான். நீங்க எதுக்கு மொகத்தத் தூக்குதிய?” என்பாள். சோப்புத் தண்ணீரில் ஊறி அவள் விரல்கள் வெடித்திருக்கும்.

டிசம்பரில் எங்கள் சர்ச் சபை கிறிஸ்துமஸ் கரோல் பாடி வீடு வீடாகப் போகும். டிரம் அடிப்பவன் நான். அவள் வீட்டுக்கு மட்டும் ரோட்டில் நின்றே பாட்டு. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சுமி, கொட்டுக்கு ஒருதரம் கண்ணை மூடித் திறப்பாள்.

இந்தத் தடவை கரோல் முடிந்து பத்தாம் நாள், பகல் பதினொரு மணிக்கு அவள் வீட்டு மெஷின் அலறியது. ஓடினேன். கேட் திறந்து கிடந்தது. ஜன்னலில் பார்த்தால் சுமியின் உதடு நீலம். முந்தின நாளே காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. யாரிடமிருந்து வந்தது என்று ஸ்மிதாவுக்கே தெரியவில்லை. மெஷினைக் கழற்றிவிட்டு, காற்றுக் கொடுக்கிற பையைக் குழாயில் மாட்டிக் கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். பிரதீஷ் தூரத்தில், கோட்டுகாலில் வேலையில். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் இப்போதுதான் நெய்யாற்றின்கரை தாண்டி வருகிறதாம்.

“அண்ணா, கையக் கழுவீட்டு உள்ள வாங்க!”

நாலு வருஷம் காத்துக் கிடந்த வார்த்தை. படியில் வைத்த காலை எடுத்துவிட்டேன்.

“இண்ணைக்குக் காலம்பற பிடிச்சே எனக்குத் தொண்ட கரகரங்குது மக்கா.”

பையை அமுக்குவதை விடாமல் வாசல் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை.

“அப்போ டிரம்ம எடுத்துட்டு வாங்க. பயத்துல நான் வேகமா அமுக்குதேன், எண்ணுனா கணக்கு தெற்றுது. ஒரு கொட்டுக்கு ஒரு அமுக்கு. மெதுவா. கரோலு இல்ல, கேட்டியளா?”

ரோட்டில் நின்று கொட்டினேன். ஜன்னலுக்குள் பை சுருங்கியது, உப்பியது. பைக்கில் போன ஒருவன், “கிறிஸ்துமஸ் போயாச்சு ஓய்!” என்று சிரித்துப் போனான். நான் கணக்கு விடவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து, சுமியைக் கிடத்திய ஸ்ட்ரெச்சர் என்னைக் கடந்தபோதும் ஸ்மிதாவின் கை நிற்கவில்லை. சட்டையை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டு விலகி நின்று கொட்டினேன். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும் முன் உள்ளேயிருந்து கத்தினாள்.

“வண்டி வளைவு திரும்புற வரெ நிப்பாட்டாதீங்க அண்ணா!”